ஒரு டிகிரி சூட்டில் ஒரு சுரம்

டீ இன்னும் கை பொறுக்காத சூட்டில் இருக்கிறது. அது ஆறுவதற்குள் முதல் ஆசிலேட்டரைக் கட்டிவிடலாம். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கட்டியதைச் சுருதியில் நிற்க வைப்பதுதான் வித்தை. அதற்கு இன்னொரு டீ சொல்ல வேண்டியிருக்கும்.

இடம் மகர்பட்டா. புனேயின் கிழக்கே, ஹடப்சரை ஒட்டி, ஒரு காலத்தில் கரும்பு விளைந்த நிலம். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் தங்கள் 400 ஏக்கரை ஆளுக்கொரு விலைக்கு விற்றுவிட்டுப் போகாமல், ஒன்றாகச் சேர்த்துக் கம்பெனி தொடங்கித் தாங்களே நகரம் கட்டினார்கள். இப்போது அங்கே சைபர்சிட்டி கோபுரங்கள். கோபுரங்களில் நம் பிள்ளைகள். கோவையிலும் மதுரையிலும் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இங்கே ஜாவா எழுதுகிறவர்களைத் தடுக்கி விழுந்தால் பார்க்கலாம். மேல் மாடித் தம்பியும் அந்த ரகம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரெட்போர்டோடு இறங்கி வந்து கேட்டான்: “அண்ணா, சிந்தசைசர்ல விசிஓ விசிஓங்கறாங்களே, அதை ஐசி எதுவும் போடாம வெறும் டிரான்சிஸ்டரை வச்சே கட்ட முடியுமா?”

முடியும். 1964-ல் ராபர்ட் மூக் நியூயார்க்கில் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி மாநாட்டுக்குக் கொண்டுபோன கருவிகள் அப்படிக் கட்டியவைதான். ஐசி அன்றைக்கு ஏவுகணைக்காரர்கள் வாங்கும் பொருள்.

விசிஓ, அதாவது வோல்டேஜ் கண்ட்ரோல்டு ஆசிலேட்டர், செய்யும் வேலையைக் குழாயடியில் வைத்துப் பார்க்கலாம். குடம் நிறைகிறது, நிறைந்ததும் யாரோ சட்டென்று கவிழ்த்துவிடுகிறார்கள், மறுபடி நிறையத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு எத்தனை முறை கவிழ்கிறது என்பது குழாயைத் திறந்திருக்கும் அளவைப் பொறுத்தது. குடத்துக்குப் பதில் கண்டன்சர், கவிழ்க்கும் கைக்குப் பதில் டிரான்சிஸ்டர், குழாயின் திருகுக்குப் பதில் நாம் கொடுக்கும் வோல்டேஜ். வினாடிக்கு 440 முறை கவிழ்ந்தால் ஆர்மோனியத்தின் தைவதக் கட்டை எழுப்பும் ஒலி கேட்கும், ஒரு கட்டைச் சுருதி வைத்துப் பாடுகிறவருக்கு.

இனி பிரெட்போர்டு. பி.சி.547 டிரான்சிஸ்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் இரண்டும் கிரவுண்டுக்கு. ஒவ்வொரு கலெக்டரிலிருந்தும் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் 5 வோல்ட் சப்ளைக்கு. பழைய மொபைல் சார்ஜரே போதும். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து இரண்டாவதின் பேஸுக்கு 10 நானோஃபாரட் கண்டன்சர், இரண்டாவதின் கலெக்டரிலிருந்து முதலாவதின் பேஸுக்கு அதேபோல் இன்னொன்று. பேஸ் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு 47 கிலோ ஓம். பாலிடெக்னிக் லேபில் இந்த இரண்டு 47 கிலோ ஓமையும் சப்ளையிலேயே கொடுத்துவிடுவார்கள். அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர் என்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கியிருப்போம். நாம் செய்யும் மாற்றம் ஒன்றே ஒன்று. அந்த இரண்டு முனைகளையும் சப்ளையிலிருந்து பிடுங்கி, ஒன்றாகச் சேர்த்து, 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலில் கொடுக்கிறோம்; அதன் ஓரக் கால்கள் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும். விசிஓ முடிந்தது. ஒரு கலெக்டரிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் 100 கிலோ ஓமும் தொடராகப் போட்டு கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கொடுத்தால் கத்தும்.

திருகைத் திருப்பினால் சுருதி ஏறி இறங்கும். கணக்குப்படி 5 வோல்ட் முழுதாகக் கொடுத்தால் 1,400 ஹெர்ட்ஸ் வாக்கில், 2 வோல்ட்டில் 700-க்குச் சற்றுக் கீழே, 1 வோல்ட்டில் 375 வாக்கில். அதற்கும் கீழே, பேஸைத் தட்டியெழுப்ப வேண்டிய 0.6 வோல்ட்டை நெருங்கும்போது, மூச்சு வாங்கி நின்றுவிடும். சில சமயம் மின்சாரம் மெதுவாக ஏறினால் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்றாக விழித்துக்கொண்டு எதுவும் ஆடாமல் உட்கார்ந்திருக்கும். சப்ளையை ஒருமுறை பிடுங்கிச் செருகினால் போதும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் திறக்கும்போது அதன் கலெக்டர் 5 வோல்ட்டிலிருந்து தடாலென்று சுழியத்துக்கு விழுகிறது. கண்டன்சரால் தன் இரு கால்களுக்கு நடுவே இருக்கும் வோல்டேஜை அந்த நொடியில் மாற்றிக்கொள்ள முடியாது. ஒரு கால் 5 வோல்ட் விழுந்தால் மறுகாலும் 5 வோல்ட் விழுந்தாக வேண்டும். அந்த மறுகால் 0.7 வோல்ட்டில் இருந்த அடுத்த டிரான்சிஸ்டரின் பேஸ். ஆகவே அது மைனஸ் 4 வோல்ட்டுக்குப் போகிறது. சப்ளையில் எங்குமே இல்லாத மைனஸ். அங்கிருந்து 47 கிலோ ஓம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 0.6-ஐத் தொடும்போது அது திறக்கிறது. இப்போது அதன் முறை, மற்றதைக் கீழே தள்ளுகிறது. ஏறுவதற்கு ஆகும் நேரம்தான் சுருதி.

கண்ணி எங்கே என்றால், பி.சி.547-இன் பேஸும் எமிட்டரும் தலைகீழாகத் தாங்குவது 6 வோல்ட் வரைக்கும்தான் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. 9 வோல்ட் பேட்டரியில் இதே சர்க்யூட்டைக் கட்டினால் பேஸ் மைனஸ் 8-க்குப் போகப் பார்க்கும். அந்தச் சந்தி ஒவ்வொரு சுற்றிலும் உடைந்து கசியும். கணக்கு சொன்ன சுருதி வராது. நாளடைவில் டிரான்சிஸ்டரின் கெயினும் தேயும். 9 வோல்ட்டில் இந்த சர்க்யூட்டை அப்படியே வரைந்து காட்டும் படங்கள் ஏராளம். 5 வோல்ட்டிலேயே நில்லுங்கள், அல்லது பேஸ் ஒவ்வொன்றிலும் ஒரு 1என்4148 டயோடைத் தொடராகப் போடுங்கள்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. திருகை இப்படியும் அப்படியும் திருப்பி ஆம்புலன்ஸ் ஓட்டினான். ‘ச ரி க ம’ வாசி பார்ப்போம் என்றேன். அங்கேதான் வண்டி நின்றது. ச-விலிருந்து ரி-க்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி. வோல்டேஜுக்கும் சுருதிக்கும் நடுவே ஒழுங்கான உறவு இல்லை. ரெசிஸ்டர் வழியாக நிறையும் கண்டன்சர், நிறைய நிறைய வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதுதான் காரணம்.

ரெசிஸ்டரை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டரையே குழாயாக வைப்பது அடுத்த படி. இப்போது சப்ளை 12 வோல்ட். 10 நானோஃபாரட் கண்டன்சரின் ஒரு காலை சப்ளையில் கட்டி, மறுகாலை ஒரு பி.சி.547-இன் கலெக்டரில் கொடுக்கிறோம். அதன் எமிட்டர் கிரவுண்டில். டிரான்சிஸ்டரின் கலெக்டர், தன்னிடம் இருக்கும் வோல்டேஜ் எவ்வளவு என்று பெரிதாகக் கவலைப்படாமல், பேஸ் சொன்ன கரன்டை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கண்டன்சர் ஒரே சீராக நிறைகிறது. 10 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் வினாடிக்கு 1,000 வோல்ட் வேகத்தில் ஏறும். ஆயிரம் என்றதும் பயப்பட வேண்டாம், 5 வோல்ட் ஏறியதும் கவிழ்த்துவிடப் போகிறோம். ஆக, வினாடிக்கு 200 முறை. 22 மைக்ரோ ஆம்பியர் என்றால் 440. கரன்ட் இரண்டு மடங்கானால் அதிர்வெண்ணும் இரண்டு மடங்கு, கணக்கு நேராகிவிட்டது.

கவிழ்க்கும் கைக்கு இன்னும் இரண்டு டிரான்சிஸ்டர்: பி.சி.557 ஒன்று, பி.சி.547 ஒன்று. 557-இன் எமிட்டர் சப்ளையில். 547-இன் எமிட்டர் கண்டன்சரின் கீழ்க்காலில். 557-இன் பேஸ் 547-இன் கலெக்டரோடும், 547-இன் பேஸ் 557-இன் கலெக்டரோடும் பின்னிக்கொள்ளும். அந்த 547-இன் பேஸைச் சப்ளைக்கு 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 12 கிலோ ஓம் போட்டுச் சுமார் ஆறரை வோல்ட்டில் நிறுத்துகிறோம். கண்டன்சரின் கீழ்க்கால் இறங்கி இறங்கி ஆறு வோல்ட் பக்கம் வந்ததும் 547 லேசாகத் திறக்கிறது; அது 557-ஐத் திறக்கிறது; 557 இன்னும் வேகமாக 547-ஐத் திறக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டும் முழுதாகத் திறந்து கண்டன்சரைக் காலி செய்துவிடும். ஏறத்தாழ 5 வோல்ட் உயரமுள்ள ரம்பப் பல் அலை கிடைக்கிறது. வயலின், நாகஸ்வரம் போல மேல் ஸ்வரங்கள் எல்லாம் நிறைந்த, கொஞ்சம் கரகரப்பான ஒலி இது.

இந்த ஜோடியில் எல்லோரும் மறக்கும் ஒரு ரெசிஸ்டர் உண்டு. 557-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு 2.2 கிலோ ஓம். அது இல்லாவிட்டால் ஜோடி ஒருமுறை பூட்டிக்கொண்டால் பிரியாது. குழாயிலிருந்து வரும் சிறு கரன்டே அதைத் திறந்த நிலையில் வைத்திருக்கப் போதும். அது இருந்தால், சுமார் 270 மைக்ரோ ஆம்பியருக்குக் குறைந்த கரன்டில் ஜோடி தானாகக் கைவிட்டுவிடும். நாம் இழுப்பது அதைவிடக் குறைவு, ஆகவே ஒவ்வொரு முறையும் பிரிகிறது. “கத்தல, அண்ணா” என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த ரெசிஸ்டரைத்தான்.

இரண்டாவது டீ இப்போது வரலாம்.

காது இருக்கிறதே, அது கூட்டல் கணக்குப் போடுவதில்லை. பெருக்கல் கணக்குப் போடுகிறது. மத்திய ஸ்தாயி ச-வுக்கும் தார ஸ்தாயி ச-வுக்கும் உள்ள உறவு இரண்டு மடங்கு. அதற்கு அடுத்த ச-வுக்கு மறுபடி இரண்டு மடங்கு. 220-லிருந்து 440-க்குப் போக நம் சர்க்யூட்டுக்கு 11 மைக்ரோ ஆம்பியர் கூடுதலாக வேண்டும். 440-லிருந்து 880-க்கு 22. அதற்கும் மேலே 44. மூன்றும் காதுக்கு ஒரே தூரம். நேர்க்கணக்கில் ஓடும் விசிஓவில் மந்திர ஸ்தாயி முழுதும் திருகின் முதல் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஜப்பானின் கோர்க் கம்பெனி 1978-ல் எம்.எஸ்-20 சிந்தசைசரை அப்படியே நேர்க்கணக்கில் விற்றது, நன்றாகவும் விற்றது. ஆனால் மூக் போட்ட வழி வேறு: ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். எங்கிருந்து தொடங்கினாலும் ஒரு வோல்ட் கூட்டினால் அடுத்த ஸ்தாயி, பன்னிரண்டில் ஒரு வோல்ட் கூட்டினால் அடுத்த சுரஸ்தானம். இரண்டு வோல்டேஜைக் கூட்டினாலே ராகத்தை வேறு சுருதிக்கு மாற்றிவிடலாம். சிந்தசைசர் உலகின் பெரும்பகுதி இந்த வழிக்கே வந்து சேர்ந்தது.

கூட்டலைப் பெருக்கலாக மாற்ற ஒரு கருவி வேண்டுமே? சிலிக்கான் டிரான்சிஸ்டரே அந்தக் கருவி. அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 18 மில்லிவோல்ட் கூட்டினால் கலெக்டர் கரன்ட் இரண்டு மடங்காகும். இன்னொரு 18 கூட்டினால் இன்னொரு இரண்டு மடங்கு. பல ஆயிரம் மடங்கு வீச்சில் இந்த விதி பிசகுவதில்லை. கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் ஒரு பொருளுக்குள் இவ்வளவு துல்லியமான கணிதம் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். நாம் செய்ய வேண்டியது, 1 வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கி பேஸில் கொடுப்பது. 100 கிலோ ஓமும், கிரவுண்டுக்கு 1.5 கிலோ ஓமோடு ஒரு 1 கிலோ ஓம் பிரீசெட்டும் போதும். பிரீசெட்டைத் திருகி ஸ்தாயியைச் சரிசெய்துகொள்ளலாம்.

சும்மா கிடைக்கும் எதற்கும் ஒரு விலை உண்டல்லவா, இதன் விலை சூடு.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். மல்டிமீட்டரை டயோடு குறியில் வைத்து, சிவப்பு முனையை 547-இன் பேஸிலும் கறுப்பு முனையை எமிட்டரிலும் தம்பியைப் பிடிக்கச் சொன்னேன். 0.668 என்று காட்டியது. “இப்ப ரெண்டு விரலால டிரான்சிஸ்டரைப் பிடி” என்றேன். பிடித்தான். 0.667. 0.665. 0.662. எண் தானாக இறங்கிக்கொண்டே போய் 0.655-க்குப் பக்கத்தில் நின்றது. விரலை எடுத்தான், மெதுவாக மறுபடி ஏறத் தொடங்கியது. “என்னண்ணா இது, ஜுரம் பாக்குற மாதிரி இருக்கு” என்றான். உண்மையில் அது தெர்மாமீட்டரேதான். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும்.

2 மில்லிவோல்ட் அற்பமாகத் தெரியும். ஆனால் நம் கணக்கில் 18 மில்லிவோல்ட் ஒரு முழு ஸ்தாயி. அப்படியானால் ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒன்பதில் ஒரு பங்கு ஸ்தாயி ஏறிவிடும். ஒரு சுரஸ்தானத்துக்கும் அதிகம். காலையில் ச என்று வைத்தது, அறையில் ஒரு டிகிரி கூடியதும் சுத்த ரிஷபத்தைத் தாண்டி நிற்கும். புனேயில் ஏப்ரல் மாதம் பகல் 38 டிகிரியைத் தொடும், விடியற்காலை 20-க்குப் பக்கம் இறங்கும். கடல் காற்று படும் சென்னையில் பகலுக்கும் இரவுக்கும் இவ்வளவு வித்தியாசம் இராது. மகர்பட்டாவில் பால்கனி ஓரம் வைத்த விசிஓ ஒரே நாளில் ஒன்றரை ஸ்தாயிக்கு மேல் அலையும். ஏசியைப் போட்டால் வேறு விதமாக அலையும்.

லேப்டாப்புக்குள்ளும் கைபேசிக்குள்ளும் விசிஓ இருக்கத்தான் செய்கிறது, அங்கே ஏன் இந்தத் தொல்லை இல்லை என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அங்கே விசிஓவைத் தனியாக விடுவதில்லை. குவார்ட்ஸ் படிகம் போன்ற ஒரு நிலையான துடிப்போடு அதை ஓயாமல் ஒப்பிட்டு, விலகினால் வோல்டேஜைத் திருத்தி இழுத்துப் பிடிப்பார்கள். ஃபேஸ் லாக்டு லூப் என்று பெயர். புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம், கோடத் கிராமத்தைச் சுற்றி 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கியில், எல்லா ஆன்டெனாக்களும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் வானம் தெரியும். தாளம் மைய நிலையத்திலிருந்து ஒளியிழை வழியாகப் போகிறது. ஊட்டியில் 1970-ல் தொலைநோக்கி கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் இதையும் கட்டினார். இசைக்காரரின் விசிஓவுக்கு அந்தக் காவல் இல்லை. அது எந்தச் சுருதிக்கும் வழுக்கிப் போகும் சுதந்திரத்தோடு இருக்க வேண்டும், அதே சமயம் வைத்த இடத்தில் நிற்கவும் வேண்டும்.

பரிகாரம், சூட்டைச் சூட்டாலேயே அடிப்பது. நம் குழாய் டிரான்சிஸ்டருக்கு முன்னால் ஒரு பி.சி.557-ஐ நிறுத்துகிறோம். சிறுத்த வோல்டேஜ் 557-இன் பேஸுக்குப் போகிறது. அதன் கலெக்டர் கிரவுண்டில். எமிட்டருக்கு சப்ளையிலிருந்து ஒரு 470 கிலோ ஓம். அதே எமிட்டரிலிருந்து ஒரு கம்பி 547-இன் பேஸுக்கு. 557 ஒரு பேஸ்-எமிட்டர் அளவு மேலே தூக்குகிறது, 547 அதே அளவு கீழே இறக்குகிறது. சூடேறினால் 547-இன் தேவை 2 மில்லிவோல்ட் குறையும். 557 கொடுப்பதும் 2 மில்லிவோல்ட் குறையும். இரண்டும் கழிந்து, நாம் கொடுத்த வோல்டேஜ் மட்டும் மிஞ்சும். சுருதி எங்கே தொடங்குகிறது என்பது நீங்கள் பிடித்த ஜோடியைப் பொறுத்தது. 470 கிலோ ஓமை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை. இரண்டுக்கும் ஒரே சூடு இருக்க வேண்டும். தட்டை முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே துளி ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டு இறுக்குங்கள். ஜோடியும் பொருந்த வேண்டும்: ஒரு பிடி 547, ஒரு பிடி 557 எடுத்து, அதே டயோடு குறியில் ஒவ்வொன்றாக அளந்து, எண் நெருங்கி வருவதைச் சேர்க்க வேண்டும். 557-க்கு மல்டிமீட்டர் முனைகளை மாற்றிப் பிடிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அளக்கும்போது விரல் படக்கூடாது. ஏன் என்று இப்போது தெரியும். பிரெட்போர்டில் செருகி, கையை எடுத்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இருக்கும் பொறுமை வேண்டும்.

அப்படியும் ஒரு மிச்சம் நிற்கும். அந்த 18 மில்லிவோல்ட்டே சூட்டோடு நீளும், டிகிரிக்கு முந்நூற்றில் ஒரு பங்கு அளவில். தொடக்கச் சுருதியில் பிழை இராது. ஆனால் நான்கு ஸ்தாயி தள்ளிப் போனால் டிகிரிக்கு ஒரு சுரஸ்தானத்தில் ஆறில் ஒரு பங்கு விலகும். இதற்கென்றே சூட்டில் அதே வீதத்தில் ஏறும் ரெசிஸ்டர் விற்கிறார்கள். கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டருக்குப் பதில் அதை ஜோடியின் முதுகில் ஒட்டிவிட வேண்டும். ஒன்று இரண்டு ஸ்தாயிக்குள் வாசிப்பவருக்கு இது தேவையில்லை என்பது என் கட்சி.

மூக்கின் ஆரம்பகால 901 ஆசிலேட்டர்கள் சுருதி நழுவுவதற்குப் பேர்போனவை. அந்த மூக் ஒன்று இந்தியாவுக்கும் வந்தது. 1969-ல், அகமதாபாத்தின் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனுக்கு. ஓர் இசைக் கல்லூரிக்குக்கூட அல்ல. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் வந்து ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்தார். இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு நியூயார்க்கில் நம் சங்கீதம் சொல்லிக் கொடுத்த கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று சிலர் அதில் இசை செய்தார்கள். சில வருடங்களில் ஸ்டுடியோ அடங்கிவிட்டது. டேப்புகள் அங்கேயே தூங்கின. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடியெடுத்த பிறகு, 1969 முதல் 1972 வரை செய்த அந்த இசை 2023-ல் வெளியானது. விசிஓ நம் நாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நமக்குத் தெரியவந்தது நேற்று.

இதுபோன்ற இன்னொரு கதை பம்பாயில் நடந்தது. சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்டு ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ரெக்கார்டு போட்டார். அன்றைக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆனதும், பிற்காலத்து ஆசிட் ஹவுஸ் இசையின் சாயல் இதில் இருக்கிறதே என்று உலகம் வாயைப் பிளந்தது. அந்த டிபி-303-இன் உள்ளே இருப்பது ஒரே ஒரு விசிஓ. அதன் பொத்தான்களில் ஒன்று ‘ஸ்லைடு’: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகும்.

நம்மவர்களுக்கு விசிஓ பொருந்துவது இந்த வழுக்கலால்தான். ஆர்மோனியத்தில் கமகம் வராது என்று நூறு வருடமாகச் சண்டை. அகில இந்திய வானொலி அதைத் தள்ளியே வைத்திருந்தது. விசிஓவுக்கு அந்தக் குறை கிடையாது. கண்ட்ரோல் வோல்டேஜ் வரும் வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் தாவ முடியாமல் பத்தில் ஒரு வினாடி அளவில் இழைந்து போகும், சுரமும் இழையும். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற முறையில் இருப்பதால் மந்திரத்திலும் தாரத்திலும் ஜாரு ஒரே நீளத்தில் விழும். தோடி வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கீபோர்டில் வரும் தோடியைவிட மேல்.

தம்பியின் கடைசிக் கேள்வி: “இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு ஐசியே வாங்கிடலாமே?” வாங்கலாம். டக் கர்ட்டிஸ் வடிவமைத்த 3340 என்ற ஐசிக்குள் இந்த ஜோடியும், சூட்டுப் பரிகாரமும், கவிழ்க்கும் கையும் ஒரே சில்லில் இருக்கின்றன. ஒரே சில்லில் இருப்பதால் சூடும் ஒன்றுதான். கச்சேரிக்குக் கொண்டுபோகிறவர் அதைத்தான் வாங்க வேண்டும். வீம்புக்கு டிரான்சிஸ்டரோடு மேடையேற வேண்டாம். ஆனால் விரல் பட்டதும் 0.668 இறங்குவதைப் பார்க்காதவருக்கு அந்த ஐசி ஏன் அவ்வளவு விலை என்று புரியாது.

சாமான் வாங்க புனேக்காரர்கள் போக வேண்டிய இடம் புத்வார் பேட்டில் பாசோட்யா விட்டோபா கோயிலைச் சுற்றியுள்ள கடைகள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது. 547-ம் 557-ம் இரண்டு மூன்று என்று வாங்காதீர்கள். ஒரே காகிதப் பட்டையிலிருந்து இருபது இருபதாக வெட்டித் தரச் சொல்லுங்கள், ஜோடி சேர்க்க அவ்வளவு வேண்டும். கண்டன்சர் கேட்டால் கைக்கு வந்த மஞ்சள் செராமிக்கை எடுத்துக் கொடுப்பார்கள். சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் அளவு மாறும் ரகம் அது; ஜோடி சேர்த்த உழைப்பெல்லாம் வீணாகும். மைலார் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.